அத்திம்பேரின் நெற்றிச் சந்தனம்

ஸ்ரீவராகத்தில் என் அக்கா வீட்டுக் கூடத்தில், டெலிவிஷனுக்குப் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்தபடி ஒரு தேக்குப் பலகை மேல் டாங்கியின் குறிநோக்கி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய், பட்டாளத்துப் பச்சை. ஒரு முனையில் பெரிய கண்ணாடி, மறு முனையில் கண் வைக்கும் துளை. அந்தத் துளைக்கு மேலே நெற்றியைச் சாய்த்துக்கொள்ள ஒரு கறுப்பு ரப்பர் மெத்தை. மேட்டிலும் பள்ளத்திலும் டாங்கி குலுங்கும்போது உள்ளே இருக்கும் சிப்பாயின் நெற்றி இரும்பில் மோதிவிடாமல் இருப்பதற்காக அதை வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாய்க்குள் கண்ணை வைத்த சிப்பாய்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுடைய வியர்வை எல்லாம் எப்போதோ போய்விட்டது. இப்போது மெத்தையின் நடுவில் இருப்பது ஒரு மஞ்சள் கறை. அது என் அத்திம்பேருடைய சந்தனம்.

அத்திம்பேர் என்றால் எங்கள் வீட்டுத் தமிழில் அக்காவின் கணவர். அவருக்கு அடுத்த மாதம் சதாபிஷேகம். எண்பது வயதைத் தாண்டியவரை மணையில் உட்கார வைத்துக் குடம் குடமாகத் தலையில் நீர் ஊற்றுகிற வைபவம். அதற்கு ஒரு மலர் அச்சடிக்கிறார்கள். அக்காவின் மகள் என்னைத் தேடி வந்தாள். "சித்தி, ஒரு பேஜ் மதி. அப்பாகூட ஒரே ஃபேக்டரில இருந்தது நீங்க மட்டும்தானே. நல்லதா நாலு வார்த்தை எழுதித் தாங்கோ" என்றாள். மதி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் கலந்துவிட்ட மலையாளம், போதும் என்று அர்த்தம். எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அது. இதை அவள் அச்சடிக்க மாட்டாள். அதனாலேயே பக்கக் கணக்குப் பார்க்காமல் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். அவர் ஒரு நாளும் லீவு போடாதவர். கை நடுங்காதவர். அவ்வளவுதான். நகரத்துக்கு வெளியே இருந்த எங்கள் தொழிற்சாலையில் டாங்கிகளுக்கும் விமானங்களுக்கும் குறி பார்க்கும் கருவிகள் செய்தோம். பேச்சில் அதைச் 'சைட்' என்றுதான் சொல்வோம். அத்திம்பேர் தலைமைப் பரிசோதகர். அவர் சரி என்று சொல்லி, மூடும் திருகின் மேல் சிவப்பு அரக்கால் ஒரு பொட்டு வைத்தால்தான் ஒரு சைட் வெளியே போகும். எனக்கு அந்த வேலை வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்று அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பரீட்சை எழுதியது நான். இன்டர்வியூவில் எச்சில் விழுங்கிக்கொண்டு பதில் சொன்னது நான். ஃபிசிக்ஸ் படித்ததும் நான். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் அது அவர் வாங்கிக் கொடுத்த வேலைதான். அக்கா மூத்தவள், நான் கடைக்குட்டி. எனக்கு நினைவு தெரிந்தபோதே அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக, எல்லோருக்கும் மேலே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சைட்டுக்குள் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி வில்லை உண்டு. அதில்தான் குறுக்குக் கோடும் தூரத்துக்கான அளவுக் கோடுகளும் பொறித்திருக்கும். வெளியிலிருந்து வரும் காட்சி சரியாக அந்த வில்லையின் மேல் வந்து விழும்படி கருவியைக் கட்டுவோம். கோடும் காட்சியும் ஒன்றாகத் தெளிவாகத் தெரிவதற்கு அதுதான் வழி. அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்த வில்லையில் ஒரு பொடி விழுந்தால் அதுவும் அதே தெளிவோடு, பெரிதாகத் தெரியும். வேறு கண்ணாடிகளில் தூசி இருந்தால் கண் அதைப் பொருட்படுத்தாது. இதில் அப்படி முடியாது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அத்திம்பேர் இதைச் சொல்லும் விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஒரு சிப்பாய் தூரத்துல இருக்கற டாங்கியப் பாக்கறான்னு வெச்சுக்கோ. கண்ணாடியில ஒரு பொடி. அந்தப் பொடியே அவனுக்கு டாங்கியாத் தெரியும். இல்லேன்னா நெஜ டாங்கிய அது மறைச்சுடும். அவன் செத்தா நீயாக்கும் கொன்னது. கேட்டியா?" கேட்டியா என்ற அந்தக் கடைசி வார்த்தையை அவர் பெண்களைப் பார்த்து மட்டும்தான் சொல்வார்.

கருவிகளைக் கட்டும் சுத்த அறைக்குள் போகுமுன் ஒரு வாஷ்பேசின் இருந்தது. பூவைக் கழற்ற வேண்டும். மை, பவுடர், பொட்டு எதுவும் கூடாது. முகத்தைக் கழுவிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு மேற்பார்வையாளர் அம்மா ஒவ்வொருத்தி கன்னத்திலும் வெள்ளை டிஷ்யூவால் இழுத்துப் பார்ப்பார். டிஷ்யூவை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பவர் அத்திம்பேர். தினமும் காலையில் வேலைக்கு வந்த பெண்கள் வரிசையில் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்போம். இந்த விதியை எழுதியதே அவர்தான். அந்த விதியில் அவர் நெற்றி இல்லை. விடியற்காலையில் கோவிலுக்குப் போய், வாழையிலைத் துண்டில் கொடுக்கும் சந்தனத்தை விரலால் குழைத்து, புருவத்துக்கு நடுவிலிருந்து மேலே இழுத்து விட்டுக்கொண்டு வருவார். அந்தச் சந்தனம் கலையக் கூடாது என்று தொப்பியை மட்டும் பின்னால் தள்ளிப் போட்டிருப்பார். நாங்கள் எல்லோரும் புருவம் வரை தொப்பியை இழுத்து விட்டிருப்போம். யாரும் அவரைக் கேட்டதில்லை. பிரசாதத்தைப் போய் யார் அழிக்கச் சொல்வது?

என் பக்கத்து மேஜையில் போனக்காட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். மேலே மலையில் போனக்காடு என்ற தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவள். தோட்டம் படுத்துப் போன காலத்தில் கீழே இறங்கி வந்து, ஐடிஐயில் படித்து, ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்திருந்தாள். வேலையை ஒழுங்காகச் செய்வாள், வாய் அதைவிட நன்றாக வேலை செய்யும். அவளுக்குப் பவுடர் என்றால் உயிர். வேலை முடிந்து வெளியே வந்ததும் வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் நின்று, கைக்குட்டையில் பவுடரைக் கொட்டி, முகம் முழுக்க அப்பிக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். "மலையில மஞ்சுக்குள்ள இருந்தவக்கா நானு. இங்க வந்துதான் மூஞ்சி கருத்துப் போச்சு" என்பாள். டிஷ்யூ வரிசையில் நிற்கும்போது என் காதில் மட்டும் விழும்படி, "பவுடர் போட்டா பீரங்கி வெடிக்காதாக்கும்?" என்பாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அத்திம்பேர் திரும்பிப் பார்ப்பார். அவர் மச்சினி தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தியோடு சோற்றுப் பாத்திரத்தை மாற்றிச் சாப்பிடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அதை வீட்டில் அக்கா மூலமாகச் சொல்லி அனுப்பியும் இருந்தார்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு சைட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. இங்கே பார்க்கும்போது சுத்தமாக இருக்கும். வண்டியில் பூட்டி ஓட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு கரும்புள்ளி. நாங்களும் கருவியை நடுக்க மேஜையில் வைத்துக் குலுக்கிப் பார்த்தோம். அங்கேயும் அதேதான். குழாய்க்குள் எங்கேயோ ஒட்டியிருந்த பொடி, குலுக்கலில் கழன்று நேராக அந்த வில்லையில் போய் உட்காருகிறது. மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெரிய பெரிய வார்த்தைகள் பேசினார்கள். அத்திம்பேர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மறுநாள் வரிசையில் டிஷ்யூவைத் தானே கையில் எடுத்துக்கொண்டார். போனக்காட்டுக்காரியின் காதோரத்தில், தலைமுடி ஆரம்பிக்கும் இடத்தில், முந்தின நாள் பவுடரின் வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது. அவர் அதை டிஷ்யூவில் எடுத்து, விளக்கில் காட்டி, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார். "இதோ இருக்கு" என்றார். அவள் தலையைக் குனியவில்லை. "சார், கழுவிட்டுத்தான் வந்தேன். இன்னும் ஒருக்கா கழுவுறேன், பாத்துக்கோங்க" என்றாள். "வேண்டாம். நீ வெளியில நில்லு" என்றார். அன்றிலிருந்து அவள் வெளியில்தான் நின்றாள்.

அவளை நிறுத்திய இரண்டு நாளுக்குள் அத்திம்பேரின் தாயாதி ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம் காலமானார். பத்து நாள் தீட்டு. கோவிலுக்குப் போகக் கூடாது, பிரசாதம் இட்டுக்கொள்ளக் கூடாது. ஆபீஸுக்கு மட்டும் போகலாம், சம்பளத்துக்குத் தீட்டு இல்லை. அவர் வெறும் நெற்றியோடு வேலைக்கு வந்தார். அந்த நாட்களில் மூடிய சைட்டுகளில் ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. குலுக்கிக் குலுக்கிப் பார்த்தோம். சுத்தம். அத்திம்பேர் கான்டீனில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆளத் தூக்கினேன், அழுக்கு போச்சு. இதுக்குப் போய் எத்தன மீட்டிங்" என்றார். எல்லோரும் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? கண்ணுக்கு நேரே தெரிகிறதே. அவளுடைய ஒப்பந்தத்தை முறித்துவிட்டார்கள். அவளுக்குப் 'பவுடர்காரி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

தீட்டுக் கழிந்தது. அன்று காலை சுத்த அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்திம்பேரைப் பார்த்தேன். நெற்றியில் பளிச்சென்று சந்தனம். 'அட, கோவிலுக்குப் போய்விட்டாரா' என்று நினைத்துக்கொண்டேன், வேறொன்றுமில்லை. அவர் கடைசிக் கட்ட வேலையில் இருந்தார். அந்த மழைக்காலத்திலிருந்து அந்த வேலையைச் செய்ய அவருக்கு மட்டும்தான் அதிகாரம். கண்ணுக்கு வரும் பாகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நெற்றியை மெத்தையில் அழுத்திக் குறுக்குக் கோடு நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு நிமிர்ந்து, திறந்த குழாயின் மேலே குனிந்து, நாலு சின்னத் திருகுகளை மாற்றி மாற்றித் திருப்புவார். மறுபடியும் நெற்றியை அழுத்துவார், மறுபடியும் குனிவார். சாயங்காலம் அந்த சைட் என் மேஜைக்கு வந்தது. குலுக்கினேன். புள்ளி. அப்போதுதான் காலையில் நினைத்ததும் இதுவும் எனக்குள் ஒட்டிக்கொண்டன. ஏசிக் காற்றில் காய்ந்த சந்தனம், ரப்பரில் அழுந்தி நொறுங்கி, குனிகிற ஒவ்வொரு முறையும் உள்ளே உதிர்ந்துகொண்டிருக்கிறது. டிஷ்யூவைத் தூக்கிக் காட்டினாரே, அந்த மனிதரின் நெற்றியிலிருந்து.

ஊகத்தை வைத்துக்கொண்டு நான் சண்டைக்குப் போகவில்லை. அந்தப் புள்ளியை ஊசி முனையில் எடுத்து, ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பக்கத்தில் அவள் விட்டுப்போன டப்பாவிலிருந்து கொஞ்சம் பவுடர். அதற்குப் பக்கத்தில் அக்கா வீட்டுப் பூஜை அலமாரியில் காய்ந்து கிடந்த வாழையிலைத் துண்டிலிருந்து சுரண்டிய சந்தனம். பவுடர் சின்னச் சின்னத் தகடுகளாக மினுங்கியது. சந்தனத்தில் மரத்தின் நார் தெரிந்தது, மஞ்சளும் பழுப்புமாக. எங்கள் புள்ளியிலும் அதே நார், அதே பழுப்பு. பள்ளிக்கூடப் பிள்ளையிடம் காட்டினால்கூடச் சரியாகச் சொல்லிவிடும்.

முதலில் அவரிடம் தனியாகத்தான் சொன்னேன். அவமானப்படுத்த வேண்டாம், அவரே திருத்திக்கொண்டு அவளைக் கூப்பிட்டுவிடட்டும் என்று அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "பகவானோட பிரசாதம் நோக்கு அழுக்கா?" என்றார். நான் அழுக்கு என்று சொல்லவில்லை, உதிர்கிறது என்றுதான் சொல்கிறேன் என்றேன். "ஆத்துல வெச்சு ஆபீஸ் பேசப்படாது" என்று எழுந்து போய்விட்டார். அக்கா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "ஏண்டி இப்படிப் பேசறே, அத்திம்பேர் இல்லையா" என்றாள். ஆபீஸில் வைத்து வீடு பேசலாம் போலிருக்கிறது. மறுவாரம் கூட்டத்தில், ஜெனரல் மேனேஜர் முன்னால், மூன்று கண்ணாடித் துண்டுகளையும் வைத்து நான் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் அதைத்தான் செய்தார். கோபப்படவே இல்லை. சிரித்தார். "என் மச்சினியாக்கும். சின்னப் பொண்ணு. சிநேகிதிக்கு வேலை போன துக்கத்துல என்னமோ சொல்றா" என்றார். மேஜையைச் சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். ஜெனரல் மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அத்திம்பேரின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சில நாட்களில் ஒரு சுற்றறிக்கை வந்தது. சுத்த அறையில் எல்லோரும் தொப்பியைப் புருவம் வரை அணிய வேண்டும், பதவி வித்தியாசம் இல்லை. திறந்த குழாயின் மேல் குனியும்போது முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு இருக்க வேண்டும். அதற்குப் பிறகு புள்ளி வரவில்லை. யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. சுற்றறிக்கையில் யார் பெயரும் இல்லை. விதி மாறியது, பழி அப்படியே இருந்தது. நான் ஜெனரல் மேனேஜரிடம் போய் அவளைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கேட்டேன். "கான்ட்ராக்ட் கழிஞ்ஞு போயல்லோ மேடம். இனி எந்து செய்யான்?" என்றார். ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம், இனி என்ன செய்வதாம். அந்த மாதமே என்னை விமானப் பிரிவுக்கு மாற்றினார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் அத்திம்பேர் அதற்கு ஏற்பாடு செய்தார். எனக்கு அது நிம்மதி. விமானத்தின் சைட்டில் நெற்றி வைக்க இடமே கிடையாது. விமானிக்கு முன்னால் சாய்ந்து நிற்கும் கண்ணாடியில் பச்சை ஒளியில் குறி மிதந்துகொண்டிருக்கும். அவர் தலையை நிமிர்த்தியபடி அதன் வழியாக வானத்தைப் பார்ப்பார். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன். ஸ்ரீவராகம் வீட்டுக்குப் பல வருஷம் போகவில்லை. அக்காவும் கூப்பிடவில்லை.

அவளுக்கு என்ன ஆனது என்று மலரில் போட மாட்டார்கள், நான் சொல்கிறேன். வேறொரு லென்ஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அவர்கள் இங்கே போன் செய்து விசாரித்தார்கள். போனை எடுத்தவர் அத்திம்பேர். அதோடு அந்தத் தொழில் அவளுக்கு முடிந்தது. அதைக்கூட அவள் பெரிதாகச் சொல்ல மாட்டாள். அவளுக்கு ஒரு தம்பி, பட்டாளத்தில் இருந்தான். லீவில் வந்தவனிடம் லயத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், உன் அக்கா பட்டாளத்துச் சாமானைக் கெடுத்தவள் என்று. அவன் நேரே வந்து அவளிடம், "நீ செஞ்சதா? ஒன்னால அங்க எவனாவது செத்திருந்தா?" என்று கேட்டானாம். இல்லை என்று சொன்னாளாம். அவன் நம்பினானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்காரர்களுக்குச் சோறு போடும் கடை ஒன்றை அவளும் அவள் கணவரும் நடத்துகிறார்கள். பட்டாளத்திலிருந்து திரும்பிய தம்பி அங்கேயே காவல் வேலையில் இருக்கிறான். தினமும் அவள் கடையில்தான், இலையில் போட்டதை ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். நான் போகும்போதெல்லாம் அடுப்புச் சூட்டிலும் அவள் முகத்தில் பவுடர் அப்பியிருக்கும். "வேலையெல்லாம் இனி எனக்கு எதுக்குக்கா? அந்த சாரு வாயத் தொறந்து, அவ இல்லன்னு ஒருக்கா சொன்னா மதி. நான் தம்பிகிட்ட சொல்லிக்கிடுவேன்" என்பாள். எத்தனையோ முறை சொல்லிவிட்டாள்.

அதனால்தான் அக்காவின் மகள் வந்து கேட்டபோது நான் ஒப்புக்கொண்டேன். நாலு நல்ல வார்த்தைக்கு ஒரு உண்மை வார்த்தை கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். போன வாரம் ஸ்ரீவராகத்துக்குப் போனேன். விசேஷத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். அந்தக் குறிநோக்கியை அங்கும் இங்கும் தூக்கி வைத்து, மறுபடி ஜன்னலோரம் கொண்டு வந்திருந்தார்கள். ரிடயர் ஆகும்போது அத்திம்பேருக்குத் தொழிற்சாலை கொடுத்த பரிசு அது. பட்டாளம் கழித்துவிட்ட பழைய சைட். கடைசி மாதத்தில் அவரே அதைத் தன் வீட்டுக்குப் போகிற சாமான்தானே என்று தொப்பியும் தடுப்பும் இல்லாமல் தன் அறையில் வைத்துப் பிரித்து, துடைத்து, மூடி, அரக்குப் பொட்டு வைத்தார். போனக்காட்டுக்காரி போய் வருஷங்கள் ஆகியிருந்தன. அன்றிலிருந்து அவர் அதில் நெற்றியை வைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். யார் வீட்டுக்கு யார் போகிறார்கள், யார் பெண் யார் பைக்கில் வந்து இறங்குகிறாள் என்று அவருக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஒன்றும் நடந்ததில்லை. நடுவில் கண்ணில் புரை விழுந்து எல்லாம் மங்கிப் போயிருந்தது. இப்போதுதான் ஆபரேஷன் ஆகிப் பளிச்சென்று தெரிகிறதாம்.

என்னைக் கண்டதும் குசலம்கூட விசாரிக்கவில்லை. "வா, வா. இதுல கண்ண வெச்சுப் பாரு" என்றார். பார்த்தேன். எதிர்வீட்டு கேட், மேலே ஓர் அணில், குறுக்குக் கோடு. கோட்டுக்குச் சற்று இடது பக்கம் ஒரு கரும்புள்ளி. வெள்ளையடிக்கும்போது அசைத்ததில் கழன்று விழுந்திருக்கிறது. "தெரியறதோ? புள்ளி. இத்தன வருஷமா இது என் கண்ணுல படல. அந்த போனக்காட்டுக்காரியோட பவுடராக்கும்" என்றார் அத்திம்பேர். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது.

நான் பதறவில்லை. இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைக்கப் போவதில்லை என்று தெரிந்தது. "அத்திம்பேர், அவ இதத் தொட்டதே இல்ல. அவ போய் வருஷக்கணக்கா ஆனப்புறம் நீங்க உங்க கையால மூடினது இது. அரக்கப் பாருங்கோ, உங்களோடது, உடையல" என்றேன். அவர் குனிந்து திருகைப் பார்த்தார். புதிதாகப் பார்வை வந்த கண், நன்றாகவே தெரிந்திருக்கும். சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. அவர் கை மெல்ல மேலே போனது. நெற்றி வரைக்கும் போய்விட்டது. கை அங்கேயே நின்று, பிறகு வழுக்கையைத் தடவிவிட்டுக் கீழே இறங்கியது. "அப்படின்னா வேற எவளாவதா இருக்கும்" என்றார். மறுபடியும் நெற்றியை மெத்தையில் அழுத்தித் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் அக்கா ஈரத்துணியோடு வந்தாள். அவர் நெற்றியை எடுத்ததும் மெத்தையைத் துடைத்தாள். வெகுநாள் பழக்கம் என்பது கையிலேயே தெரிந்தது. "தெனமும் தொடைக்கறயா?" என்று கேட்டேன். "பின்னே? தெனமும் ஒட்டிண்டுதானே இருக்கு. தொடைக்காட்டா உதிர்ந்து உதிர்ந்து கீழெல்லாம் மஞ்சப் பொடியா ஆயிடறது" என்றாள் அக்கா. அவள் யாரையும் குத்திக் காட்டவில்லை. வீட்டு வேலையைப் பற்றிப் பேசுகிற குரல் அது. சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது போலிருந்தது. துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அத்திம்பேர் திரும்பாமலே, "நீ உள்ள போ" என்றார். அக்கா போய்விட்டாள். அக்காவின் மகள் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அல்லது பார்ப்பதுபோல் இருந்தாள்.

வீட்டிலிருந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக விழிஞ்ஞத்துக்குப் போன் செய்தேன். "சொன்னாரா?" என்றாள். "சொல்லல" என்றேன். பிறகு அக்கா சொன்னதைச் சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. "அந்த அம்மாவா சொன்னாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "இருங்கக்கா. ஸ்பீக்கர்ல போடுறேன். தம்பி இங்கதான் சாப்பிடுறான். இன்னும் ஒருக்கா மொதல்லேருந்து சொல்லுங்க" என்றாள். நடுத்தெருவில் நின்றுகொண்டு, சந்தனம், தீட்டு, அரக்கு, ஈரத்துணி என்று எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். சொல்லி முடித்தேன். பிறகு ஆண்குரல் ஒன்று, "அக்கா, கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றது. அவள் அழுதுகொண்டே சிரிப்பது எனக்குக் கேட்டது. "மதிக்கா. எனக்கு இது மதி" என்றாள்.

அவளுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. சதாபிஷேகத்துக்கு நான் கட்டாயம் போவேன். புடவைகூட எடுத்து வைத்துவிட்டேன். மகனும் மகளும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் வரிசையாக வந்து அவர் தலையில் குடம் குடமாக ஊற்றுவார்கள். நெற்றியில் இருப்பதெல்லாம் கரைந்து வழிந்து கீழே போகும். அந்தக் கொஞ்ச நேரமாவது அந்த நெற்றி வெறும் நெற்றியாக இருக்கும், அதை நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் அவர் புதுச் சந்தனம் இட்டுக்கொண்டு ஜன்னலோரம் வந்து, அந்தக் கறுப்பு மெத்தையில் நெற்றியை அழுத்துவார். அக்கா துணியை நனைத்துக்கொண்டு பின்னால் நிற்பாள்.